அனார்க்கிஸ்டுகள் அரசே வேண்டாம் என்பது ஏன்?

சென்னையில் எங்கள் வியாசர்பாடிப் பக்கம் ‘ஒரே அராஜகம்’ என்றால் ரவுடித்தனம் என்று அர்த்தம். அனார்க்கிஸத்தையும் தமிழில் அராஜகவாதம் என்றே சொல்கிறார்கள். அதனால் ‘அரசு வேண்டாம் என்பவர்களுக்கு ஒழுங்கே வேண்டாமா?’ என்று நீங்கள் கேட்டது நியாயம்தான். அனார்க்கிஸ்டுகள் எதிர்ப்பது ஒழுங்கை அல்ல, மேலிருந்து அதட்டி வரும் ஒழுங்கை.

தண்ணி லாரி வரும் தெருவைப் பாருங்கள். விடிவதற்குள் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். குடத்துக்காரி வீட்டில் இட்லி ஊற்றிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு இத்தனை குடம், கைக்குழந்தை இருந்தால் முன்னால் விடு என்பதெல்லாம் பெண்களே பேசி வைத்தது. சண்டை வராதா? வரும், லாரி போவதற்குள் தீர்ந்தும்விடும். ரஷ்ய அனார்க்கிஸ்டான குரோபோட்கின் பரஸ்பர உதவி என்று எழுதியது இந்த மாதிரிப் பழக்கத்தைத்தான்.

அரசு போடும் விதிக்குப் பின்னால் போலீஸும் சிறையும் நிற்கின்றன. ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று ஒதுங்க முடியாது. அந்தப் பலம் சொத்துள்ளவன் பக்கமே சாயும் என்பது அடுத்த குற்றச்சாட்டு. 1921-இல் பெரம்பூர் மில் வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டதை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். (அதில் சாதியும் கலந்திருந்தது, அது தனிக் கதை.)

சரி, தொழிலாளர்களே அரசைப் பிடித்தால்? ஆட்சியில் உட்கார்ந்ததும் அவன் தொழிலாளி அல்ல என்றார் இன்னொரு ரஷ்ய அனார்க்கிஸ்டான பகுனின். மார்க்ஸோடு மோதி, 1872-இல் பல நாட்டுத் தொழிலாளர் சங்கமான முதலாம் அகிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்.

எனக்கு இடிப்பது ஒன்றுதான்: வரிசையைத் தெரு பார்த்துக்கொள்ளும், சென்னைக்கே குடிநீர் தரும் புழல் ஏரியை யார் பார்ப்பது? ஊர்கள் தாங்களாகவே சேரும் கூட்டமைப்பு என்பது அனார்க்கிஸ்டுகளின் பதில்.