சிக்னலில் நடுங்கி ஆஃப் ஆகும் பழைய சான்ட்ரோ: பம்ப்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: 2006 மாடல் சான்ட்ரோ ஜிங், பெட்ரோல். சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்குகிறது, ஏசி போட்டால் இன்னும் மோசம், சில சமயம் ஆஃப் ஆகிவிடுகிறது. இரண்டு வாரம் ஒரு தொந்தரவும் இருக்காது, அப்புறம் மறுபடி ஆரம்பிக்கும். பிளக்கும் பெட்ரோல் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. இப்போது மெக்கானிக் ஃப்யூயல் பம்ப் மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். பம்ப் பலவீனமானால் பெரும்பாலும் முதலில் தெரிவது மேட்டில் ஏறும்போதும் ஹைவேயில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும்தான், ஏனென்றால் அங்கேதான் இன்ஜினுக்குப் பெட்ரோல் நிறைய வேண்டும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, அது குடிப்பது மிகக் கொஞ்சம். உங்கள் வண்டியில் இழுவை குறையவில்லை என்றால் நான் பம்ப்பைக் கடைசியில்தான் சந்தேகப்படுவேன்.

வந்து வந்து போகிற கோளாறில் முதலில் கவனிக்க வேண்டியது, வண்டி எப்படி ஆஃப் ஆகிறது என்பது. நடுங்கி, திணறி, ஆர்பிஎம் முள் 800, 600, 400 என்று இறங்கி அணைந்தால் அது பெரும்பாலும் காற்று, கார்பன் சம்பந்தப்பட்டது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், சாவியைத் திருப்பியது போல் பட்டென்று அணைந்தால் கரண்ட் பக்கம் போங்கள்: கிராங்க் சென்சார் (இன்ஜின் சுழல்வதைக் கவனித்துச் சொல்வது), ரிலே, இக்னிஷன் சுவிட்ச், எர்த். கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போது அணைந்து, சக்கரம் இன்னும் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் கிராங்க் சென்சார் மேலோ அதன் வயர் மேலோ சந்தேகம் பலமாகிறது. அந்த சென்சார் சூடானால் அதிலிருந்து வரும் சிக்னல் விட்டுப்போகும், கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் போய் நிறுத்தும்போது கோளாறு தெரிவதே இல்லை.

நீங்கள் சொல்வது முதல் வகை. ஏசி போட்டால் மோசமாகிறது என்பது நல்ல தடயம். கம்ப்ரஸர் சேரும்போது இன்ஜின் மேல் பாரம் ஏறும், அதைச் சமாளிக்க ஐடில் வால்வு இன்னும் கொஞ்சம் திறந்து காற்று விட வேண்டும். அந்த வால்விலும், இன்ஜினுக்குக் காற்று போகும் வாயான த்ராட்டில் பாடியிலும் கார்பன் அடைத்திருந்தால் அந்தக் கூடுதல் காற்று கிடைக்காது. இன்ஜினை அணைத்து, ஏர் ஹோஸைக் கழற்றி, பட்டர்ஃப்ளையை (உள்ளே இருக்கும் வட்டத் தகடு) விரலால் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: தகட்டின் ஓரத்திலும் அதைச் சுற்றிய சுவரிலும் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு வளையம் இருந்தால் அதுதான். த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடைத்தெடுங்கள், உப்புத்தாள், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். ஐடில் வால்வைக் கழற்றினால் காற்று போகும் வழியை மட்டும் சுத்தம் செய்யுங்கள், மோட்டார் பக்கம் கிளீனர் இறங்கக் கூடாது. சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறியோ தடுமாறியோ இருக்கலாம், ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பழகிக்கொள்ள அவகாசம் கொடுங்கள். தயவுசெய்து த்ராட்டிலின் ஸ்டாப் ஸ்குரூவைத் திருகி ஐடிலிங்கை ஏற்ற யாரையும் விடாதீர்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது; இந்த வண்டியில் அது கோளாறை மறைத்துவிட்டு இன்னொன்றைக் கிளப்பும்.

அடுத்து வேக்குவம் ஹோஸ்கள். இத்தனை வருஷம் ஆன ரப்பர் இறுகி, முனையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கும். இன்ஜின் ஓடும்போது 'ஸ்ஸ்' என்று காற்றிழுக்கும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள், ஒவ்வொரு ஹோஸாக அசைத்துப் பாருங்கள். பிரேக் மிதித்துப் பிடித்திருக்கும்போது ஐடிலிங் தொடர்ந்து மாறினால் பிரேக் பூஸ்டரிலோ (இன்ஜினின் வேக்குவத்தால் மிதியை லேசாக்குவது) அதன் ஹோஸிலோ லீக். சிலர் கிளீனரை ஸ்பிரே செய்து தேடுவார்கள். தீப்பிடிக்கும் சரக்கு அது, சூடான இன்ஜினில் செய்யவே கூடாது.

பிளக் மாற்றினார்கள், பிளக் வயரை மாற்றினார்களா? ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள் (கையால் தொடாதீர்கள்). நீல நிறத்தில் பொறி தாவினால் வயர் போய்விட்டது. மழைக்காலத்தில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிற வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். பேட்டரி டெர்மினலையும் இன்ஜினுக்கு வரும் எர்த் வயரையும் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை. ஓபிடி-2 (வண்டியின் கோளாறுகளை ஸ்கேனரில் படிக்கும் பொது முறை) இங்கே கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான், அதனால் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் உங்கள் வண்டியோடு பேசாமல் போகலாம். ஒர்க்‌ஷாப் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் கூலன்ட் சென்சார் வெளி வெப்பத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். 28 டிகிரி காலையில் அது 70 என்றால் ஈசியு தப்பான கணக்கில் பெட்ரோல் விடுகிறது.

இது சரியாகும் வரை ஒரு விஷயம்: ஓட்டத்தில் ஆஃப் ஆனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். பூஸ்டரில் மிச்சம் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். சாவியை லாக் வரை திருப்ப வேண்டாம், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பம்ப்தான் என்றால், கேஜ் போட்டு ஃப்யூயல் பிரஷரை அளந்து காட்டச் சொல்லுங்கள். குறைவாக இருந்தால் பம்ப்புக்கு வரும் வோல்டேஜையும் அதே நேரம் அளக்கட்டும். ரிலேயோ கனெக்டரோ கருகி அங்கே 10 வோல்ட் மட்டும் வந்துகொண்டிருந்தால் புது பம்ப்பும் அதே மாதிரிதான் ஓடும்.