கண் தெரியாத மந்திரவாதி எப்படிக் குறி வைப்பார்?

கேள்வி இது: "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காகப் பிறவியிலேயே கண் தெரியாத ஒரு மந்திரவாதியை உருவாக்கினேன். கண் தெரியாதவர் எந்த மந்திரத்தையும் குறி வைக்க முடியாது என்கிறார் எங்கள் டிஎம். உண்மையா?"

பாதி உண்மை. மிச்சப் பாதியைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. 2022இல் நானும் இதே தீர்ப்பைச் சொன்ன டிஎம்தான் (ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டி ஆடும் இந்தக் கதை ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்கிறவர் டிஎம்).

ஊர் திருகோணமலை. டச் பே கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி எங்கள் வீடு. சனிக்கிழமை பின்னேரங்களில் விறாந்தையில் ஒரு மேசை, ஐந்து கதிரை, ஃபிளாஸ்க் நிறையப் பிளேன்டீ. தங்கச்சி தன் பாத்திரத்தைக் கண் தெரியாத விசார்டாக எழுதிக்கொண்டு வந்தாள். நான் "ஏலாது" என்றேன். விதிப்புத்தகத்தை என் மடியில் போட்டு, "எந்த வரியில இருக்கு, காட்டுங்கோ பாப்பம்" என்றாள். அரை மணி நேரம் தேடினேன். அப்படி ஒரு வரியே இல்லை.

ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் 'பிளைண்டட்' (கண் தெரியாமை) என்ற நிலைக்குச் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: உனக்குப் பார்வை இல்லை. பார்வை தேவைப்படும் சோதனைகளில் தானாகவே தோற்பாய். நீ தாக்கினால் இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டிச் சின்ன எண்ணை எடுக்க வேண்டும். உன்னைத் தாக்குகிறவன் இரண்டில் பெரிய எண்ணை எடுப்பான். மந்திரம் போடக்கூடாது என்ற பேச்சே இல்லை.

தடை இருப்பது ஒவ்வொரு மந்திரத்தின் சொந்த விவரத்தில்தான். "உன் கண்ணுக்குத் தெரிகிற" என்ற சொற்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குறி தப்பாத அம்புகளை விடும் மேஜிக் மிசைலில் இருக்கிறது. ஆளை அசையவிடாமல் கட்டிப்போடும் ஹோல்ட் பர்சனில் இருக்கிறது. மறைந்து வேறிடத்தில் தோன்றும் மிஸ்டி ஸ்டெப்பில், போய் நிற்கப்போகிற இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எதிரியின் மந்திரத்தை முறியடிக்கும் கவுண்டர்ஸ்பெல்லுக்கு, அவன் மந்திரம் போடுவதை நீ காண வேண்டும்; அவன் வாய்விட்டு ஓதுவது காதில் விழுந்தாலும் விதி அதைக் கணக்கில் எடுக்காது. இவையெல்லாம் கண் தெரியாதவருக்குப் பூட்டிய கதவு.

நெருப்பை எறியும் ஃபயர் போல்ட்டில் அந்தச் சொற்கள் கிடையாது. எல்ட்ரிச் பிளாஸ்ட்டிலும் கிடையாது. உருட்டலில் நட்டம் உண்டு, அவ்வளவுதான். கூட்டாளிகளை ஆசீர்வதிக்கும் பிளெஸ்ஸில் மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கலாம், அவர்களைக் காண வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. கியூர் வூண்ட்ஸ் தொட்டுக் குணமாக்குவது, அதற்குக் கண் எதற்கு? ஆனால் தூரத்திலிருந்து ஒரு சொல்லால் குணமாக்கும் ஹீலிங் வர்டுக்குக் கண் வேண்டும். ஏன் இந்த வேற்றுமை என்று என்னைக் கேட்காதீர்கள். எழுதியவர்கள் ஒவ்வொரு மந்திரமாக எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

பரப்பைத் தாக்கும் மந்திரங்கள் இன்னும் வசதி. தண்டர்வேவ் உன்னிடமிருந்தே கிளம்பும் 15 அடிக் கனசதுரம். பேர்னிங் ஹேண்ட்ஸ் 15 அடிக் கூம்பு. இவற்றில் பகடை உருட்டித் தப்ப வேண்டியவன் எதிரி. அந்த உருட்டலில் உன் கண் தெரியாமை ஒரு புள்ளியைக்கூடக் குறைப்பதில்லை. ஆகவே கண் தெரியாத மந்திரவாதியின் பட்டியலில் இப்படிப்பட்டவற்றை நிறைய வையுங்கள். மேஜிக் மிசைல் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள்.

சரி, ஆளைக் காணாமல் ஆள் நிற்கிற இடம் எப்படித் தெரியும்? இங்கேதான் பல டிஎம்கள் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன். காணாத இலக்கைத் தாக்குவது பற்றிய விதியில் இரண்டு நிலைமை தெளிவாக எழுதியிருக்கிறது: இடத்தை ஊகித்து அடிப்பது, சத்தம் கேட்கிற ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆளை அடிப்பது. இரண்டுக்கும் ஒரே நட்டம்தான். நீ குறித்த இடத்தில் ஆள் இல்லையென்றால் பகடையில் 20 விழுந்தாலும் தவறும். ஆக, காதால் குறி வைப்பதை விதிப்புத்தகமே ஒப்புக்கொள்கிறது. அந்த வரியை உங்கள் டிஎம்மிடம் காட்டுங்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. சத்தத்தை வைத்தே அம்பு விடும் வித்தையைத் தசரதன் கதையில் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறோம். இருட்டில் ஆற்றங்கரையில் குடத்துக்குள் நீர் நிறையும் சத்தம். யானை நீர் குடிக்கிறது என்று நினைத்து அம்பை விட்டான். குறி தப்பவில்லை. ஆனால் அங்கே நின்றது யானை இல்லை, கண் தெரியாத தாய் தகப்பனுக்குத் தண்ணீர் எடுக்க வந்த பிள்ளை. இடத்தைக் காது சொல்லும். அங்கே நிற்பது யார் என்பதைக் காது எப்போதும் சொல்லாது. மேசையில் இதை நான் அப்படியே விதியாக்கினேன். காலடிச் சத்தம் கேட்டால் இடத்தைச் சொல்வேன். அது எதிரியா, பயந்து ஓடும் ஊர்க்காரனா என்று சொல்ல மாட்டேன். கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியது தங்கச்சி பாடு.

எங்கள் மேசையில் நான்காவது ஆள் ஒரு அண்ணா. அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அவர் ஆடுவதோ கூர்ந்த கண்ணுள்ள வில்லாளி! தங்கச்சியின் பாத்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் சிரித்தார். "வீட்டில நாள் முழுக்கச் செய்யிறதை இங்கயும் வந்து செய்ய எனக்கு என்ன விசரே?" என்றார். ஆனால் தங்கச்சி பிழையாக ஆடும்போதெல்லாம் தலையிட்டார், என் தீர்ப்புகளிலும் தலையிட்டார். அவருடைய பகடையில் எண்கள் புடைத்திருக்கும். உருட்டியதும் விரலால் தடவிச் சொல்வார். நாங்கள் சரிபார்ப்பதில்லை, பொய் சொல்கிற ஆள் என்றால் அவருக்கு இவ்வளவு ஒன்று விழாது. விதிகளைப் போன் வாசிக்கக் கேட்பார். 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள், அது இவருக்குப் பெரிய உதவி. எங்கள் எல்லோரையும்விட விதி அவருக்குத்தான் தெரியும்.

ஃபயர்பால் விபத்தைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. எங்கள் கதையின் ஊரும் கிட்டத்தட்ட இதே ஊர்தான்: கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மலை, உச்சியில் கோயில், வழியில் கோட்டை வாசல், மான்கள். கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் காவலர்கள் கதைக்கும் சத்தம் கேட்டது. தங்கச்சி உற்சாகமாகிவிட்டாள். ஃபயர்பாலுக்குக் கண் வேண்டாம். 150 அடிக்குள் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் போதும், அங்கிருந்து சுற்றிலும் 20 அடிக்கு நெருப்பு. "குரல் வாற இடத்துக்கு" என்றாள். நான் விதியைப் புரட்டினேன். காணாத ஒரு புள்ளியைக் குறித்து, நடுவில் சுவர் மாதிரி ஒரு தடை இருந்தால், வெடிப்பு அந்தத் தடைக்கு இந்தப் பக்கமே பிறக்கும். இந்தப் பக்கம் நின்றது எங்கள் ஆட்கள் நான்கு பேரும். எட்டு ஆறுமுகப் பகடைகளை அவளே உருட்டினாள்.

அண்ணாவின் வில்லாளியும் அதில் விழுந்தான். அவருக்குக் கோபம் வந்தது பகடை மேல் இல்லை. "சுவருக்குப் பக்கத்தில நிக்கேக்க சத்தம் வேற மாதிரி இருக்கும். கோட்டை வாசலுக்குள்ள நுழையேக்க உன்ட செருப்புச் சத்தமே மாறுமெல்லோ? கண் தெரியாத ஆளுக்குச் சுவர் இருக்கிறது தெரியாமப் போகாது" என்றார். அவர் சொன்னது என்னைத்தான். நான் சுவரை விவரிக்கும்போது அதன் நிறத்தையும் உயரத்தையும் சொன்னேனே தவிர, அதன் சத்தத்தைச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவரோடு கோணேசர் கோயில் மலைக்கு நடந்து போனேன். வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்: இது வாசல், இது திறந்த வெளி, இதிலே மரம். உச்சியில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குக் கிட்ட வந்ததும் நின்றுவிட்டார். கீழே அலை மோதுகிற இரைச்சலும் காற்றும் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடுகின்றன. "இதில நான் உண்மையாவே குருடன்" என்றார். அன்று முதல் எங்கள் ஆட்டத்தில் மழை, அருவி, கடல் இரைச்சல், சந்தை எல்லாம் தங்கச்சியின் விசார்டுக்கு இருட்டு மாதிரி. அமைதியான மண்டபத்தில் இடம் தானாகவே தெரியும். இரைச்சலில் ஊகித்துத்தான் அடிக்க வேண்டும்.

இன்னொன்று பலருக்கும் விளங்குவதில்லை. முழு இருட்டிலோ மூடுபனியிலோ எதிரியும் உன்னைக் காணாவிட்டால், அவன் காணாத தாக்குதல் என்பதால் உனக்கு ஒரு சாதகம் (இரண்டு உருட்டலில் பெரிய எண்) கிடைக்கும், நீ அவனைக் காணாத பாதகம் அதோடு கழிந்துபோகும். ஒரே ஒரு பகடை, நேரான உருட்டல். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரைக்கும் போனது ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு இரவு நாங்கள் மெழுகுதிரி தேடி மேசையில் முட்டி, பிளேன்டீயைக் கொட்டிக்கொண்டிருக்க, அண்ணா மட்டும் ஆறுதலாக எழுந்து போய் அடுக்களையிலிருந்து தீப்பெட்டி எடுத்து வந்தார். தங்கச்சி அன்றே தன் மந்திரப் பட்டியலில் இருட்டைப் பரப்பும் டார்க்னஸ் மந்திரத்தைச் சேர்த்தாள்.

தொடும் மந்திரத்தில் கண் வேண்டாம் என்றேன். ஆனால் தொட்டது யாரை என்பது முக்கியம். பீமன் என்று நினைத்து இரும்புப் பதுமையைக் கட்டி நொறுக்கிய திருதராட்டிரனைக் கேளுங்கள்.

அவனுக்குச் சஞ்சயன் மாதிரி உங்கள் மந்திரவாதிக்கும் ஒரு ஆள் கிடைக்கும்: ஃபைண்ட் ஃபமிலியர் தரும் சிறு விலங்கு. 100 அடிக்குள் இருந்தால் அதன் கண்ணால் பார்க்கலாம், அதன் விசேட புலன்களும் உங்களுக்குக் கிடைக்கும். தங்கச்சி வௌவாலை எடுத்தாள். ஆனால் ஐந்தாம் பதிப்பின் முதல் வடிவமான 2014 பதிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. விலங்கின் கண்ணால் பார்ப்பதற்கே உங்கள் முறையின் செயல் செலவாகிவிடும், அடுத்த முறை தொடங்கும்போது அந்தப் பார்வையும் போய்விடும். ஆகவே அதே முறையில் கூடுதலாகச் செய்யக்கூடிய போனஸ் செயலாக வரும் மிஸ்டி ஸ்டெப் மாதிரியானவற்றுக்கும், எதிரியின் முறையில் போடும் கவுண்டர்ஸ்பெல்லுக்கும்தான் அது உதவும். அதைத் திருத்தி வந்த 2024 பதிப்பில் பார்ப்பதே போனஸ் செயலாகிவிட்டது. வௌவாலின் கண்ணால் பார், பிறகு ஹோல்ட் பர்சன் போடு. எங்கள் மேசை இந்த ஒரு காரணத்துக்காகவே புதிய விதிக்கு மாறியது என்றாலும் பொய்யில்லை.

சிலர் 'பிளைண்ட்சைட்' கொடுத்து எல்லாவற்றையும் தீர்க்கச் சொல்வார்கள். பார்வையில்லாமலே சுற்றுப்புறத்தை உணரும் புலன் அது. 2024 பதிப்பில் அந்த எல்லைக்குள் நீ 'காண்கிறாய்' என்றே எழுதிவிட்டார்கள், மேஜிக் மிசைலும் திறந்துவிடும். 10 அடிக்குக் கொடுத்தால் பரவாயில்லை. 60 அடிக்குக் கொடுத்தால் அது கண்தான், பெயர் மட்டும் வேறு. அண்ணா கேட்டது மாதிரி, "பிறகு ஏன் கண் தெரியாதெண்டு எழுதினனி?"

இதே மாதிரி இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு ஆடுகிறவர்களுக்கு இந்தத் தலையிடி குறைவு. அங்கே புலன்களையே துல்லியமானது, துல்லியமற்றது, மங்கலானது என்று பிரித்துவிட்டார்கள். மனிதனுக்குக் கண் துல்லியம், காது துல்லியமற்றது, மூக்கு மங்கல். காதால் மட்டும் தெரிகிற ஆள் 'மறைந்த' ஆள். இருபது முகப் பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் மந்திரம் அவனைச் சேரும். நேர்பாதி வாய்ப்பு. எங்கள் வீட்டு விதியை அங்கிருந்துதான் களவெடுத்தேன்: கண் வேண்டும் என்கிற மந்திரத்தையும் அமைதியான இடத்தில் 30 அடிக்குள் சத்தத்தை வைத்துப் போடலாம், ஆனால் முதலில் 11 விழ வேண்டும். விழாவிட்டால் மந்திரம் வீண். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் டிஎம் ஒத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

விசார்டுக்கு மந்திரப் புத்தகம் வேண்டுமே, வாசிப்பது எப்படி என்று கீழே யாராவது கேட்பீர்கள். ஏட்டுச்சுவடி. எழுத்தாணியால் ஓலையில் கீறிய எழுத்து விரலுக்குத் தட்டுப்படும். முடிந்தது.

தங்கச்சியின் விசார்ட் இப்போது ஏழாம் படியில் நிற்கிறாள், டைமென்ஷன் டோர் கிடைத்துவிட்டது. கண் தெரியாதவர்களுக்கென்றே எழுதியது போன்ற மந்திரம்: 500 அடிக்குள் திசையையும் தூரத்தையும் வாயால் சொன்னால் போதும், அங்கே போய் நிற்கலாம். அந்த இடத்தில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் மந்திரம் பலிக்காது, அடியும் விழும். போன கிழமை மலை உச்சியில் எதிரிகள் சூழ்ந்துகொள்ள, "கிழக்கால முந்நூறடி" என்றாள். அங்கே சுவரும் இல்லை, ஆளும் இல்லை, தரையும் இல்லை. அண்ணாவின் வில்லாளிதான் அலைக்குள் அவள் தலையைக் கண்டுபிடித்துக் கயிறு வீசினான்.