கூரைத் தண்ணீரும் ஆற்றுக் கலங்கலும்

மலைநாட்டுச் சிறு நகரமொன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நீண்ட காலம் நடத்தி ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

நானுஓயா வாசகர்: ஐயா, அடைமழை பெய்தால் நிலையத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் ஆற்றுக்கு வருகிறது. இருட்டில் வேண்டுமென்றே திறந்துவிடுகிறீர்களா?

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுவரும் குற்றச்சாட்டு இது. நாங்கள் திறப்பதில்லை. பல வீடுகளில் கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாயை மழைநீர்க் கானுக்கு விடாமல் மலசலகூடக் குழாயோடு பொருத்திவிடுகிறார்கள். மழை வலுத்தால் அவ்வளவு தண்ணீரும் எங்கள் தொட்டிக்குத்தான் வரும். சேறு அடியில் படிய அவகாசமின்றி விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். அந்தச் சேற்றில்தான் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மறுபடி வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும்.

ஒருமுறை சந்தேகத்துக்குரிய வீட்டுப் பீலியில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டு, கீழே மேன்ஹோல் மூடியைத் திறந்துவைத்துக் காத்திருந்தோம். சற்று நேரத்தில் தண்ணீர் சிவந்து வந்தது. வீட்டுக்காரர் அப்போதும், "அது எங்கள் குழாய் இல்லை" என்றார்.

தலவாக்கலை, பயிலுநர்: ஜனவரியில் அமோனியா ஏறுகிறது, பிஎச் (அமில-கார அளவு) இறங்குகிறது. தொட்டிக்குள் ஊதும் காற்றைக் கூட்டியும் பயனில்லை.

காற்றைக் குறை சொல்லாதீர்கள், தம்பி. அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் நுண்ணுயிர்களுக்குக் குளிர் ஆகாது; வெப்பநிலை 10 பாகை குறைந்தால் அவற்றின் வேகம் பாதியாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், நம் மலைத் தண்ணீர் மிக மென்மையானது என்பது. 1 மில்லிகிராம் அமோனியா நைதரசனை மாற்ற ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை, அதாவது தண்ணீரில் அமிலத்தைத் தணிக்கும் கையிருப்பு, செலவாகிறது. கையிருப்புத் தீர்ந்ததும் பிஎச் சரிகிறது, 6.5க்குக் கீழே போனால் அந்த உயிர்கள் சோர்ந்துவிடும். மரக்கறித் தோட்டத்துக்கு டொலமைட் போடுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: அமிலத்தைத் தணிப்பது. சுண்ணாம்பைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அதற்கு முன் செலவில்லாத வழியொன்று உண்டு: காற்று இயந்திரத்தை நாளில் சில தடவை நிறுத்திவையுங்கள். காற்றில்லாத வேளையில் வேறு நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை உடைக்கும். செலவான காரத்தன்மையில் பாதிக்கு நெருக்கமாகத் திரும்பக் கிடைக்கும். மின்கட்டணமும் குறையும். எங்கள் கணக்காளர் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த மாதத்தில் மட்டும்தான்.

ஹட்டன், மாணவி: ஆய்வுகூடம் இல்லாமல் நிலையத்தின் நலத்தை அறியலாமா?

மூக்கும் ஒரு லீற்றர் அளவுச் சாடியும் போதும், மகளே. காற்றுத் தொட்டியிலிருந்து மொண்டு, 30 நிமிடம் அசையாமல் வை. காப்பி நிறச் சேறு கால்வாசியளவில் படிந்து, மேலே தெளிநீர் நின்றால் நல்லது. மணம் மழை நனைத்த மண்போல இருக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் போதவில்லை.

நுவரெலியா வாசகர்: சுத்திகரித்த தண்ணீரையே விட்டாலும் வாவி பச்சையாகுமா?

ஆகும். உள்நாட்டு நீர்நிலையில் விடும் தண்ணீரின் உயிர்வேதியியல் ஒட்சிசன் தேவை (அதிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஒட்சிசன்) லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதைச் சரியாகக் காத்தாலும், சாதாரண நிலையம் பொஸ்பரசில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். எஞ்சியது பாசிக்கு உணவு. 1873இல் அமைத்த கிரகரி வாவியைச் சுற்றியுள்ள சரிவுகளில் மரக்கறித் தோட்டங்கள் இருக்கின்றன. மழை கழுவிவரும் உரமும் வாவியில்தான் சேரும். அதற்காக எல்லாப் பழியையும் உரத்தின் மேல் போட்டு நாங்கள் தப்பிக்க முடியாது.

வெலிமடை விவசாயி: நிலையத்தின் காய்ந்த சேற்றைக் கரட் பாத்திக்குப் போடலாமா?

வேண்டாம், அண்ணன். அதில் மனிதக் குடலின் வட்டப்புழு முட்டை இருக்கலாம்; அது மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். கரட்டையோ நாம் பச்சையாகக் கடிக்கிறோம்.