‘தி ஃபேட் ஆஃப் லீ கான்’ படத்துல சாவ் யாரு பக்கம்? கடைசியில திடீர்னு கட்சி மாறின மாதிரி இருக்கே?

சாவ் யூ-குன், மங்கோலிய ஆட்சிய எதிர்க்கிற கிளர்ச்சிக்காரங்க ஆளு தாங்க, மங்கோலிய அதிகாரி லீ கான் கூடவே ஆலோசகரா ஒட்டிக்கிட்டு வர்ற ஒற்றன். கடைசியில கட்சி மாறல, மொதல்ல இருந்தே அப்படித்தான்.

திடீர்னு மாறின மாதிரி பட்டதுக்கு உங்க காப்பி காரணமா இருக்கலாம். 1973 படம், இயக்குநர் கிங் ஹூ அகலத்திரைல எடுத்தது, கதை நடக்கிற விடுதிக்குள்ள நடுவுல ஒருத்தர் பேசுவாரு, ஓரத்துல நிக்கிறவங்க கண்ணாலயே சேதி சொல்லிக்குவாங்க, பழைய டிவி காப்பில அந்த ஓரத்தையே வெட்டிருப்பாங்க.

மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வருதான்னு பாருங்க. வரலைன்னா மாண்டரின் ஒலியோட, சப்டைட்டில் இருக்கிற மீட்டெடுத்த பிரிண்ட் தேடுங்க.

ஆனா நல்ல பிரிண்ட்லயும் முதல் பாதில சண்டை கம்மிதான், லீ கான் கைக்குப் போற கிளர்ச்சிக்காரங்களோட போர் வரைபடத்தைத் திருடுற வேலை அதுக்கப்புறம்தான் சூடு பிடிக்கும்.