பெரியப்பா போட்ட மனு இனி என்னவாகும்?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. ஆகஸ்டு மாதம்தான் டெக்சாஸுக்குப் படிக்க வந்திருக்கிறாய். இருபது வயது. டாலஸில் இருந்த பெரியப்பா போன மாதம் மாரடைப்பில் காலமாகிவிட்டார். உன் அப்பாவுக்காக அவர் 2007-இல் போட்ட குடியேற்ற மனு 2010-இல் அங்கீகரிக்கப்பட்டு, முறை வரப்போகிற நேரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. "எல்லாம் முடிந்துவிட்டதா? சொந்தக்காரர்கள் சொல்வது போல் விஷயத்தை வெளியே விடாமல் அப்பா நேர்காணலுக்குப் போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறாய்.

முடிந்துவிடவில்லை. மறைத்துக்கொண்டு போகவும் கூடாது. இரண்டையும் அடித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வழியில்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன்.

என் அக்கா நியூஜெர்சியில் செவிலியராக வேலை பார்த்தார். குடியுரிமை கிடைத்ததும் 2001 ஆகஸ்டில் எனக்காக மனு போட்டார். 2004-இல் அங்கீகாரம் வந்தது. அதன் பிறகு காத்திருப்புதான். அமெரிக்கக் குடிமக்களின் உடன்பிறந்தவர்களுக்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 65,000 விசாக்கள்தான். ஒவ்வொரு நாட்டுக்கும் உச்சவரம்பு வேறு இருப்பதால் இந்தியர்களின் வரிசை மிக நீளம். 2025-இல்கூட 2006-ஆம் ஆண்டு மனுக்களுக்குத்தான் முறை வந்துகொண்டிருந்தது. 2012 மார்ச்சில், எங்கள் தேதி நெருங்கிக்கொண்டிருந்தபோது, அக்கா புற்றுநோயில் போய்விட்டார்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் அப்போது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மனுவைப் பற்றி நினைப்பதே பாவம் என்றார் ஒருவர். வாயைத் திறக்காமல் இரு, அமெரிக்காவில் யாருக்குத் தெரியப்போகிறது என்றார் இன்னொருவர். நான்கு மாதம் நான் ஒன்றுமே செய்யவில்லை. ஜூலையில் அத்தான் தொலைபேசியில் அழைத்து, குடியேற்ற விசாத் தாள்களைக் கவனிக்கும் அமெரிக்காவின் தேசிய விசா மையத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது என்றார். உறையின் கண்ணாடிக் காகிதத்துக்குள் அக்காவின் பெயர் தெரிகிறதாம். பிரிக்க மனம் வராமல் சமையலறை மேடையில் மூன்று நாள் வைத்திருந்தாராம். அந்தக் கடிதம்தான் எங்களை எழுப்பியது.

சட்டம் சொல்வது இது. உறவினருக்காகப் போடும் குடியேற்ற மனுவுக்கு ஐ-130 என்று பெயர்; அதைப் போட்டவர் இறந்த உடனே அதன் அங்கீகாரம் தானாக ரத்தாகிவிடுகிறது. யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை, கடிதம் வர வேண்டியதுமில்லை. எனவே அதன் பிறகு அப்பா மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போய், அவர்கள் கேட்காமல் விட்டு, விசாவே கொடுத்துவிட்டாலும் அது உயிரில்லாத மனுவின் மேல் கொடுத்த விசா. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் வந்தார். வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, பல ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த நேரத்தில், அவருக்காக மனு போட்ட அண்ணனின் இறப்புத் தேதி வெளியே வந்தது. குடியுரிமை போகட்டும், கையில் இருந்த கிரீன் கார்டுக்கே வழக்கு நடத்தும் நிலை. உன் சொந்தக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

ரத்தான மனுவுக்கு மறுபடி உயிர் கொடுக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கலாம். எனக்கு இருந்தது ஒன்றுதான், அதை முதலில் சொல்கிறேன்.

மனிதாபிமான அடிப்படையில் மனுவை மீண்டும் நிலைநிறுத்தும்படி குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறையிடம் கேட்பது அந்த வழி. மனு போட்டவர் இறப்பதற்கு முன்பே அது அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். உங்களுடையது 2010-லேயே ஆகிவிட்டது. நிலுவையில் இருக்கும்போதே மனு போட்டவர் இறந்து, குடும்பமும் முழுக்க இந்தியாவில் இருந்தால் இந்தக் கதவு திறக்காது. இதற்குத் தனிப் படிவம் கிடையாது, கட்டணம் கிடையாது. மனுவின் முதன்மைப் பயனாளி, அதாவது உன் அப்பா, தம் பெயரில் கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டு, மனுவை அங்கீகரித்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். உடன் இறப்புச் சான்றிதழ், மனுவின் ரசீது எண், இறந்தவருக்குப் பதிலாகப் பொருளாதாரப் பொறுப்பு ஏற்கும் மாற்று ஸ்பான்சரின் ஐ-864 உறுதிமொழி, ஏன் கருணை காட்ட வேண்டும் என்பதற்கான ஆதாரங்கள். அனுமதித்தால் வரிசையில் பழைய 2007 தேதியே நிற்கும். மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. ஆகவே அந்த ஒரு கடிதத்தைச் சாதாரணமாக எண்ணக் கூடாது.

நாங்கள் முதலில் எழுதிய கடிதம் முழுக்க அழுகை. அக்கா என்னை எப்படி வளர்த்தார், எத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம் என்று ஆறு பக்கம். பார்த்த வழக்கறிஞர் அதைத் திருப்பி மேசையில் வைத்து, "அமெரிக்காவில் உயிரோடு இருக்கிற யாருக்கு நீங்கள் தேவை?" என்று ஒரே கேள்வி கேட்டார். அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. கிரீன் கார்டுடன் அக்கா வீட்டில் இருந்தவர். எழுபத்தெட்டு வயது, சர்க்கரை, ஒரு கண்ணில் பார்வை இல்லை. அக்கா போன பிறகு அத்தான் இரவு வேலைக்குப் போனால் அம்மாவுக்கு இன்சுலின் ஊசி போட ஆளில்லை. அதை எழுதினோம். மருத்துவரின் கடிதம், அத்தானின் வேலை நேரப் பட்டியல், பக்கத்து வீட்டுப் பெண்மணி எழுதிக் கொடுத்த இரண்டு பத்திகள். அதிகாரிகள் பார்ப்பதும் இவற்றைத்தான்: இங்கே இருக்கும் குடும்பத்தினருக்கு என்ன பாதிப்பு, முதுமை, உடல்நலம், அரசு நடைமுறையில் ஏற்பட்ட நீண்ட தாமதம், சொந்த நாட்டில் வேர் எவ்வளவு மிச்சம் என்பது போன்றவை. உன் பெரியம்மா இப்போது தனியாக இருக்கிறாரா, அவர் உடல்நிலை என்ன, உன் அப்பா வந்தால் அவருக்கு என்ன துணை என்பதிலிருந்து உங்கள் கடிதம் தொடங்கட்டும்.

மாற்று ஸ்பான்சர் விஷயத்தில்தான் நம் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. இறந்தவருக்குப் பதிலாக இன்னொருவர் பொருளாதாரப் பொறுப்பு ஏற்க 2002-இல் வந்த சட்டம் இடம் கொடுத்தது. அவர் அமெரிக்காவில் வாழும் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ, பதினெட்டு வயது நிரம்பியவராகவும் இருந்தால் மட்டும் போதாது. பயனாளிக்கு இன்ன உறவாக இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், மாமனார், மாமியார், மருமகன், மருமகள், மைத்துனர், மைத்துனி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், சட்டப்படியான காப்பாளர். அவ்வளவுதான். அண்ணன் மகன் அதில் இல்லை. நம் வழக்கத்தில் உன் பெரியப்பா மகன் உன் அப்பாவைச் சித்தப்பா என்கிறான், உன் அப்பாவுக்கு அவனும் மகன்தான். கணினித் துறையில் கை நிறையச் சம்பாதிக்கிற அந்த அண்ணன் கையெழுத்துப் போடத் தயார் என்று எழுதியிருக்கிறாய். நல்ல மனம். ஆனால் அமெரிக்கச் சட்டத்தின் கணக்கில் உன் அப்பாவுக்கு அவன் மகனும் இல்லை, பட்டியலில் உள்ள வேறு எந்த உறவும் இல்லை. அவன் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பினால் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.

உன் பெரியம்மா அப்பாவுக்கு அண்ணி. பட்டியலில் மைத்துனி என்று சொன்னேனே, ஆங்கிலத்தில் "சிஸ்டர்-இன்-லா", அதில் அண்ணியும் அடக்கம். எனவே மாற்று ஸ்பான்சராகப் பெரியம்மா வரலாம். வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். பெரியம்மா தனி ஆள், உங்கள் குடும்பத்தில் நான்கு பேர், ஆக ஐந்து பேருக்கு 2025 கணக்குப்படி ஏறக்குறைய 47,000 டாலர். ஓய்வூதியத்தில் இருப்பவருக்கு அது எட்டாது. அந்தக் குறையை நிரப்பக் கூட்டு ஸ்பான்சராக அண்ணன் வரலாம். கூட்டு ஸ்பான்சருக்கு உறவுப் பட்டியல் கிடையாது. முதல் கையெழுத்து பெரியம்மாவுடையது, பக்கத்தில் அவர் மகனுடையது. எங்களுக்கு அத்தான் போட்டார், மைத்துனர் என்ற உறவில்.

அந்தக் கையெழுத்தின் கனத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் குடியுரிமை பெறும்வரை, அல்லது நாற்பது காலாண்டு (ஏறக்குறைய பத்தாண்டு) வேலைக் கணக்கு சேரும்வரை அந்தப் பொறுப்பு அவர்களை விட்டுப் போகாது. துக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் நாம் கேட்கும் பெரிய உதவி அது. அப்பாவே தொலைபேசியில் பேசி, பொறுப்பை முழுதாக விளக்கிச் சொல்லிக் கேட்க வேண்டும். உன் மூலமாகச் சொல்லி அனுப்பினால் அது மரியாதையாக இராது.

இனி, எனக்கு இல்லாமல் உனக்கு இருக்கக்கூடிய இரண்டாவது வழி. 2009 அக்டோபர் 28 முதல் நடைமுறையில் உள்ள ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது. வழக்கறிஞர்கள் 204(எல்) என்பார்கள். மனு போட்டவர் இறந்த அன்று பயனாளி அமெரிக்காவில் வசித்துக்கொண்டிருந்து, முடிவு எடுக்கும் நாளிலும் இங்கேயே வசித்தால், இறப்பைத் தாண்டி மனுவை ஏற்கலாம் என்கிறது அது. பயனாளிகளில் ஒருவர் இங்கே வசித்தால் போதும், எல்லாப் பயனாளிகளுக்கும் பலன் உண்டு. அப்பாவைச் சார்ந்து வரும் பயனாளி நீ. இருபது வயது, திருமணம் ஆகவில்லை, பெரியப்பா இறந்த அன்று டெக்சாஸில் விடுதி அறையில் இருந்திருக்கிறாய். மாணவர் விசாவில் இருக்கும் உன் வாழ்க்கையை "வசிப்பது" என்று எப்படிக் காட்டுவது, அதனால் உன் மாணவர் நிலைக்குத் தொந்தரவு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைக் குடிவரவுச் சட்டத்தில் தேர்ந்த வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. அவர் உன் அப்பாவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டே போனால் இடைமறித்து, "நான் அன்று இங்கே இருந்தேன்" என்று சொல். இந்த வழியிலும் மாற்று ஸ்பான்சர் தேவை, பெரியம்மாவின் கையெழுத்து இதற்கும் வேண்டும். விடுதி வாடகைச் சீட்டு, கல்லூரிப் பதிவு, வங்கிக் கணக்கு என்று உன் முகவரியைக் காட்டும் தாள்களை இன்றிலிருந்தே சேர்த்து வை.

இருபத்தொரு வயது ஆகிவிட்டால் அப்பாவைச் சார்ந்து வர முடியாமல் போய்விடுமோ என்றும் பயந்திருக்கிறாய். மனு நிலுவையில் இருந்த காலத்தை உன் வயதிலிருந்து கழிக்க 2002-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தருகிறது. 2007 முதல் 2010 வரை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். என் மூத்த மகளுக்கு விசா தேதி வந்தபோது இருபத்திரண்டு. கழித்தபோது பத்தொன்பது ஆனது, எங்களோடு வந்தாள். ரசீது தேதி, அங்கீகாரத் தேதி இரண்டும் துல்லியமாக வேண்டும். தேதி வந்த ஓராண்டுக்குள் விசாவுக்கான அடுத்த நடவடிக்கையை எடுத்துவிட வேண்டும். அதுவரை உனக்குத் திருமணப் பேச்சு எடுக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வை.

மனுவை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தருகிறேன் என்று ஊரில் எந்த ஏஜென்ட் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு நடைமுறையே இல்லை. குடியுரிமை பெற்ற அத்தை ஒருவர் சிகாகோவில் இருப்பதாக எழுதியிருந்தாயே, அவர் புதிதாக மனு போடலாம், போடட்டும். அது வரிசையின் கடைசியிலிருந்துதான் தொடங்கும் என்றாலும் கைக்காவலாக இருக்கும்.

எங்களுக்குப் பதில் வரப் பதினான்கு மாதம் ஆனது. 2013 செப்டம்பரில் அனுமதி, 2014 ஏப்ரலில் நியூவர்க் விமான நிலையத்தில் இறங்கினோம். அம்மா சக்கர நாற்காலியில் காத்திருந்தார். என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு அக்காவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

சனிக்கிழமை அப்பாவிடம் பேசும்போது இவற்றைக் கேள். 2010-இல் வந்த ஐ-797 அங்கீகாரத் தாள் வீட்டில் இருக்கிறதா? மேலே மூன்று ஆங்கில எழுத்துகளும் பத்து எண்களும் இருக்கும். அதுதான் ரசீது எண். இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல். அப்பா, பெரியப்பா இருவரின் பிறப்புச் சான்றிதழிலும் தாத்தா பாட்டி பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். எங்களுக்கு அப்பா பெயர் ஒன்றில் முன்னெழுத்தாக, ஒன்றில் முழுதாக, ஒன்றில் குடும்பப் பெயராக இருந்து, மூன்றும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டி வந்தது. தமிழில் உள்ள ஒவ்வொரு தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் கையெழுத்திட்ட உறுதியுடன் வேண்டும்.

இறப்புச் சான்றிதழின் அத்தாட்சிப் பிரதிகளை அண்ணன் வாங்கும்போது உங்களுக்கும் சேர்த்து இரண்டு கூடுதலாக வாங்கச் சொல். பெரியம்மாவைப் பார்க்க இந்த வாரம் போகிறாய் அல்லவா, அன்று இதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். கூட இருந்து சமைத்துக் கொடுத்துவிட்டு வா. வழக்கறிஞரைப் பார்க்கும் நாள் குறித்ததும் எனக்குச் சொல், எங்கள் கடிதத்தின் பிரதியை அனுப்புகிறேன்.