மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர்

"இங்கிலாந்தில் விக்டோரியா காலத்துத் தொழிலாளர் வரிசை வீடுகள் இடிக்க வேண்டிய சேரிகள்தானே, அவற்றில் காப்பாற்ற என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய இருக்கிறது. லீட்ஸ் நகரின் ஹேர்ஹில்ஸ் பகுதியில் அப்படியொரு வீட்டில் நான்கு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தேன்.

என் வீடு முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டிய வகை. இரு பக்கச் சுவர்களும் பின்சுவரும் அடுத்த வீட்டாருக்கும் பொது. கதவும் சன்னல்களும் தெருப்பக்கம் மட்டுமே. கொல்லை கிடையாது, துணி காயப்போடத் தெருவின் குறுக்கே எதிர்வீடு வரை கயிறு கட்டுவோம். காற்றோட்டம் இல்லை என்பதால் 1909-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வகை வீடுகளைத் தடுத்தது. ஆனால் முன்பே அனுமதி வாங்கிய வரைபடங்களைக் காட்டி லீட்ஸில் 1937 வரை கட்டினார்கள்!

மற்ற ஊர்களில் 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் வழியே வந்த விதிகள் தெருவின் அகலத்தையும் பின்முற்றத்தையும் சாக்கடையையும் வரையறுத்தன. சலிப்பூட்டுவதாகப் பலர் சொல்லும் அந்த நேர்வரிசைகள், காலராவைக் கண்டு நடுங்கிய நகரங்கள் எழுதிய விதிகளில் பிறந்தவை. எனக்கு அவை அழகாகவே தெரிகின்றன.

அந்தச் சுவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது அங்குலக் கனத்தில் செங்கல், இடையே சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். வீட்டு உரிமையாளர் அனுப்பிய ஆள் செங்கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துவிட்டார். அடுத்த குளிர்காலத்தில் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. விவரம் தெரிந்த ஒரு கொத்தனார் சிமெண்டைச் சுரண்டியெடுத்து மறுபடி சுண்ணாம்பு வைத்த பிறகு, மெல்ல மெல்லச் சுவர் காய்ந்தது. இடையில் வந்து பார்த்த எவரும் "பழைய வீடு, இடித்துவிடுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பார்.

லிவர்பூல் நகரில் 'வெல்ஷ் தெருக்கள்' எனப்படும் பழைய வரிசை வீட்டுப் பகுதிக்கும் அப்படித்தான் இடிக்க நாள் குறித்தார்கள். குடியிருந்தவர்களை வெளியேற்றி, சன்னல்களை அடைத்து, ஆண்டுக்கணக்கில் பாழாக விட்டார்கள். 2015-இல் அரசு இடிப்புத் திட்டத்தை நிராகரித்தது. பல வீடுகளைச் சீர்செய்து, சிலவற்றில் இரண்டை ஒன்றாக்கினார்கள். இப்போது குடும்பங்கள் வசிக்கின்றன. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் பிறந்த மாட்ரின் தெரு 9-ஆம் எண் வீட்டைப் பற்றித்தான் செய்திகள் அதிகம் பேசின. அதே தெருவில் யாரும் பெயர் அறியாத தொழிலாளர்கள் பிறந்து வளர்ந்த வீடுகளும் தப்பியதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.