நிலத்தடி மின்வேலி சிறிய நாய்க்கு ஆகுமா? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

காட்பாடியில் பல ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவம் பார்த்து வருகிறேன். நாய்க்காக மண்ணுக்குள் புதைக்கும் மின்வேலியைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (காட்பாடி): ஐயா, வீட்டில் நான்கு கிலோ எடையுள்ள பொமரேனியன் இருக்கிறது. தோட்டத்தைச் சுற்றி மண்ணில் கம்பி புதைத்து மின்வேலி போடலாம் என்கிறார் மகன். நாய் அந்தக் கம்பியை மிதித்தால் ஷாக் அடித்துச் செத்துவிடாதா?

பதில்: மிதித்தால் ஒன்றும் ஆகாது. பெயரில் மின்வேலி என்று இருப்பதால் மண்ணுக்குள் கரண்ட் ஓடுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். வீட்டுச் சுவரில் பொருத்தும் சிறு பெட்டி ஒன்று அந்தக் கம்பி வழியாக மெல்லிய ரேடியோ அலையை மட்டுமே அனுப்புகிறது. அந்த அலையை நாயின் கழுத்துப் பட்டையிலுள்ள கருவி வாங்கிக்கொள்கிறது. நாய் எல்லையை நெருங்கும்போது கருவி முதலில் ‘பீப்’ என்று ஒலிக்கும் அல்லது அதிரும். அதையும் மீறி முன்னே போனால், கழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகளுக்கு இடையில் சுருக்கென்று ஒரு மின் அதிர்ச்சியைக் கொடுக்கும். முனைகள் சில சென்டிமீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன என்பதால், அந்த மின்சாரம் அவற்றுக்கு நடுவிலுள்ள தோலோடு நின்றுவிடுகிறது. மார்பு வழியாகப் பாய்வதில்லை. ஆகவே முறையான கருவியாக இருந்தால் உயிருக்கு ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால், உயிர் போகாது என்பதும் நாய்க்கு நல்லது என்பதும் ஒன்றல்ல.

கேள்வி (சத்துவாச்சாரி): எங்களுடையது டாக்ஸண்ட். அதன் வயிறு தரையைத் தொடாத குறையாக இருக்கும். அதற்கு மட்டும் அதிகமாக அடிக்குமா?

பதில்: அடிக்காது. அடி வருவது பட்டையிலிருந்துதான். மண்ணிலிருந்து எதுவும் வராது.

கேள்வி (ஆற்காடு): கடைக்காரர் ‘எல்லா நாய்க்கும் ஒரே பட்டைதான்’ என்கிறார். எங்கள் நாய்க்கு இரண்டரை கிலோதான் எடை. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பல கருவிகளின் கையேட்டிலேயே குறைந்த எடையாக மூன்றரை முதல் நான்கரை கிலோவும், குறைந்த வயதாக ஆறு மாதமும் குறிப்பிடப்பட்டிருக்கும். பெட்டியைப் பிரித்து அந்தப் பக்கத்தை அவரையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். லாப்ரடாரின் கழுத்தில் தொங்குவதே தெரியாத கருவி, உள்ளங்கை அளவு நாயின் கழுத்தில் கல்லைக் கட்டியதுபோல் இருக்கும். பொமரேனியன், சிவாவா போன்ற இனங்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்துபோகும் கோளாறு அதிகம். வாத்து கத்துவதுபோல் இருமும் நாயின் கழுத்தில் எந்தப் பட்டையுமே ஆகாது, மார்போடு கட்டும் வார்தான் சரி.

நான் அதிகம் பார்த்த தொல்லை ஷாக் அல்ல, புண். முனைகள் தோலைத் தொட்டால்தான் கருவி வேலை செய்யும் என்பதால் பட்டையை இறுக்கமாகக் கட்டுகிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள். ஒரு முறை வெள்ளை ஸ்பிட்ஸ் ஒன்றைச் ‘சோறு தின்ன மாட்டேன் என்கிறது’ என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலே பார்த்தால் முடி பஞ்சுபோல் அழகாகத்தான் இருந்தது. கழுத்தருகே குனிந்தபோது முதலில் வந்தது நாற்றம். முடியை விலக்கினால், இரண்டு முனைகளும் அழுத்திய இடத்தில் ஐம்பது பைசா அளவில் இரண்டு குழிகள், சீழோடு. நாள் கணக்காகப் பட்டையைக் கழற்றவே இல்லையாம். அது மின்சாரம் சுட்ட காயம் என்று வீட்டார் நினைத்தார்கள். உண்மையில், விடாத அழுத்தத்தால் இரத்த ஓட்டம் நின்று தோல் அழுகியிருந்தது. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பட்டை கழுத்தில் இருக்கக் கூடாது. இரவில் கட்டாயம் கழற்றி, கழுத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

கேள்வி (குடியாத்தம்): எங்கள் நிலம் காட்டோரம் இருக்கிறது. பட்டை, கருவியெல்லாம் விலை அதிகமாக இருப்பதால், மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு லைன் இழுத்துக் கம்பியில் கொடுத்துவிட்டால் நாயும் வெளியே போகாது, பன்றியும் உள்ளே வராது என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்கிறார்.

பதில்: அம்மா, இதை மட்டும் செய்யாதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது குற்றம். நாய், பன்றி, யானை மட்டுமல்ல, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் உங்கள் வீட்டு ஆளும் அதில்தான் விழுவார். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திரக் காட்டிலிருந்து யானை இறங்குவது உங்களுக்கே தெரியும். சோலார் வேலி என்பது வேறு. அது ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை, கண் இமைக்கும் நேரத்திலும் குறைந்த துடிப்பாக மின்சாரத்தை விடுவதால், தொட்ட உயிர் உதறிக்கொண்டு விலக முடிகிறது. அதற்கும் 2023இல் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்துள்ளன. காப்புக்காட்டை ஒட்டிய நிலமென்றால் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். அப்படிப்பட்ட வேலியின் கீழ்க்கம்பியும் சிறிய நாய்க்கு ஏற்றதல்ல. மூக்கால் தொட்டு, மிரண்டு, கம்பிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டால் துடிப்பு விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும்.

கேள்வி (ஆரணி): நாய்க்குப் பழக்கிவிட்டால் போதுமா? கரண்ட் போய்விட்டால் என்ன ஆகும்?

பதில்: கரண்ட் போனால், மாற்று மின்கலம் இல்லாத பெட்டி ஓய்ந்துவிடும், வேலியும் இல்லை. பட்டையின் பேட்டரி தீர்ந்தாலும் அப்படியே. எலி கடித்தோ மண்வெட்டி பட்டோ கம்பி ஓரிடத்தில் அறுந்தாலும் சுற்று முழுவதும் செத்துவிடும்.

பழக்குவதற்கு எல்லையில் சிறு கொடிகளை நட்டு, கயிற்றில் பிடித்தபடி, ஒலி கேட்டதும் திரும்பி வரச் சொல்லித்தர வேண்டும். இரண்டு வாரமாவது ஆகும். பலர் முதல் நாளே அவிழ்த்துவிடுகிறார்கள். தெருவில் பள்ளிப் பிள்ளைகள் போகும்போது நாய் ஆசையாக ஓடுகிறது, கழுத்தில் சுருக்கென்கிறது; பிள்ளைகள்தான் குத்தினார்கள் என்று அதற்குத் தோன்றிவிட்டால், அதுவரை கடிக்காத நாய் கடிக்கத் தொடங்கும். தீபாவளி வெடிக்கு மிரண்டு ஓடும் நாயோ வலியைத் தாண்டி வெளியே போய்விடும். பயம் தெளிந்து வீடு திரும்பும்போது அதே எல்லையில் மீண்டும் அடி வாங்குமென்பதால் உள்ளே வரத் தயங்கி வெளியிலேயே நிற்கும். வேல்ஸ் நாட்டில் 2010ஆம் ஆண்டிலேயே மின்பட்டைகளுக்குத் தடை விதித்துவிட்டார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தெரிவது, இந்த வேலி வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது என்பதே. தெருநாய்க்குப் பட்டை கிடையாது. நான்கு தெருநாய்கள் உள்ளே புகுந்தால், உங்கள் நாய் ஓடித் தப்பவும் எல்லை விடாது. வெறிநோய் உள்ள ஊரில் இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி (வாணியம்பாடி): அப்படியானால் என்னதான் செய்வது? சுவர் எழுப்ப வசதியில்லை.

பதில்: முழுத் தோட்டத்தையும் நாய்க்கு விட வேண்டியதில்லை. பின்கட்டில், வேப்பமர நிழல் விழும் இடமாகப் பார்த்து, நாலடி உயரத்துக்கு இரும்பு வலை அடித்துக்கொடுங்கள். வலையின் அடிப்பாகத்தை அரை அடி மண்ணுக்குள் மடித்துப் புதைத்தால் தோண்டிக்கொண்டு போகாது. நம் ஊர் வெயிலில் தகரம் வேய்ந்த கூண்டு மட்டும் வேண்டாம். சிறிய நாய் தப்பிப்பது பெரும்பாலும் கேட்டுக்கு அடியில்தான். கேட்டின் கீழ்ப்பாதிக்கு வலையைக் கட்டி, தரைக்கும் கேட்டுக்கும் நடுவே உங்கள் கை நுழையாத அளவுக்கு இடைவெளியைக் குறைத்துவிடுங்கள்.